கெட்டித் தண்ணீர்

தொட்டிக்காரர் கடைசியாகத் தன் கையால் செய்த காரியம், காலை எட்டு மணிக்குச் சமையலறையில் நின்றபடி ஒரு தக்காளி சாஸ் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து எண்ணியது. வீட்டுக்குப் புதுப் பாட்டில் எது வந்தாலும் அப்படி எண்ணிப் பார்ப்பது அவருடைய இருபத்தாறு வருடப் பழக்கம். முதல் துளி பாட்டில் வாயிலிருந்து தட்டுக்கு இறங்க எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்பதை வைத்தே, அதில் கலந்த பசைத் தூள் தன் தொழிற்சாலையுடையதா, எந்தத் தொட்டி, அந்த வாரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் விழித்திருந்தானா தூங்கினானா என்பது வரை சொல்லிவிடுவார். அன்று ஏழு வரை எண்ணினார். எட்டு என்ற சொல் வாயின் வலது ஓரத்தில் சிக்கிக்கொண்டது. வலது கை விட்டுப்போயிற்று. பாட்டில் தரையில் விழுந்து உடைந்தது, அதன் பின்னாலேயே அவரும் சரிந்தார். துளி மட்டும் விழவில்லை. தரையிலிருந்து நாலடி உயரத்தில், மேலே பாட்டில் இல்லாமல், அது ஒன்பது நாள் அங்கேயே நின்றது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் துளிக்கு ஒதுங்கித்தான் ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்கள். தொட்டிக்காரரின் அக்கா முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி வீட்டு மாடியறையில் இருந்தாள். துளிக்கு நேர் கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு, விசாரிக்க வந்தவர்களை எல்லாம் பழைய குரலிலேயே நகர்த்தினாள். "உள்ள தள்ளிப் போங்க, நடுவுல நிக்காதீங்க. அங்க துளி நிக்குது, கண்ணு தெரியலயா?" வந்தவர்களும் தள்ளிப் போனார்கள்.

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் தொழிற்சாலை. முட்டைக்கோஸ் இலையைக் கருக வைக்கும் ஒரு கிருமியைப் பிடித்து, இரண்டு மாடி உயர எஃகுத் தொட்டிகளில் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டி அங்கே வளர்த்தார்கள். அது சர்க்கரையைத் தின்றுவிட்டுத் தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பைப் போர்த்திக்கொள்ளும். அந்த வழவழப்பைத் திரட்டி, உலர்த்தி, அரைத்தால் வெளிர்மஞ்சள் தூள். ஒரு கைப்பிடி போதும், ஒரு குடம் தண்ணீரைத் தேன் போலக் கெட்டியாக்கிவிடும். சாஸிலும் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் இருப்பது அதுதான். அடுத்த கூடத்தில் வேறொரு கிருமி. சர்க்கரை ஆலைக் குழாய்களை அடைத்து ஊர் வசவெல்லாம் வாங்கிக்கொண்டிருந்த அதன் கோழையைச் சுத்தம் செய்து, ரத்தம் நிறையப் போனவர்களுக்கு ஏற்றும் பாட்டில்களில் அடைத்தார்கள். மூன்றாவது கூடத்தில் ஒன்று, அகலத் தட்டுகளில் ஈரத் தோல் போல ஏடு நெய்துகொண்டிருந்தது. தீக்காயத்தின் மேல் போர்த்துவதற்கு. "கெடுக்கப் பொறந்த கிருமி, சோறு போட்டு வேலை குடுத்தா ஒழுங்கா இருக்கு. மனுஷனுக்கு ரெண்டும் குடுத்தாலும் நம்ப முடியல" என்பார் தொட்டிக்காரர்.

தொழிற்சாலைத் தெருவில் மழை மெதுவாகத்தான் பெய்யும். அவசரமாகப் போகிறவர்கள் துளிகளுக்கு நடுவே புகுந்து நனையாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடலாம். பத்து வருடத்துக்கு மேல் தொட்டிகளின் பக்கத்தில் நின்றவர்கள் அழுதால் கண்ணீர் கன்னத்தின் பாதியில் நின்றுவிடும், துடைத்துத்தான் எடுக்க வேண்டும். தொட்டிக்காரருக்கு வந்த கோபம் உச்சந்தலையிலிருந்து வாய்க்கு இறங்க மூன்று நாள் ஆகும். அதற்குள் அவர் மனைவிக்குச் சண்டையின் காரணமே மறந்து போயிருக்கும். அவள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். பாடப்புத்தகம், தேர்வுத்தாள், மருந்துச் சீட்டு, கல்லறைக் கல்லுக்கான வாசகம் வரை அவள் பென்சில் படாமல் அச்சுக்குப் போனதில்லை. தெருவில் அவளுக்குப் பெயர் புரூஃப் அக்கா. நெருப்புப் பெட்டியின் பின்பக்கத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் குச்சியைக் கிழிப்பாள்.

மருத்துவமனையில் அவருக்குப் பதினேழாம் படுக்கை கிடைத்தது. பேச்சு போய்விட்டது. இடது கையும் கண்களும் மட்டும் பழையபடி இருந்தன. விழுங்கப் பழக்கும் பெண் ஒருத்தி வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். அவள் ஒரு கரண்டித் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். இருமினார். கெட்டியாக்கிய தண்ணீரைக் கொடுத்தாள். வாயில் ரொம்ப நேரம் வைத்திருந்து, யோசித்து யோசித்து, விழுங்கினார். படுக்கையின் தலைமாட்டு அட்டையில் அவள் எழுதினாள்: பச்சைத் தண்ணீர் கூடாது. பசைத் தூள் கலந்தது மட்டும். "மட்டும்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். மெய்ப்புக்காரிக்கு அந்த இரண்டு கோடு பிடித்திருந்தது.

முதல் ஆறு நாள் அந்தப் படுக்கையில் ஒரு குறையும் இல்லை. வார்டில் கொடுத்த பசைத் தூளின் நீல டப்பா அடியில் இருந்த எழுத்தைப் பார்த்ததுமே தொட்டிக்காரரின் பாதி முகம் சிரித்தது. அவருடைய தொட்டித் தூள். மனைவி கலக்கும்போது இடது கையால் மேற்பார்வை பார்த்தார். மொத்தமாகக் கொட்டினால் விரலை ஆட்டுவார். சுழலும் தண்ணீரில் தூவிய பிறகு மூன்று விரலைக் காட்டுவார், மூன்று நிமிடம் பொறு என்று. பிறகு டம்ளரை ஜன்னலுக்கு நேரே தூக்கச் சொல்வார். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால்தான் வாயைத் திறப்பார்.

"ரொம்பத்தான். இருபத்தாறு வருஷம் ஊருக்கே ஊத்தினீங்க, இப்ப நான் ஊத்திக் குடுக்கறேன், அதுக்கு இவ்வளவு சோதனையா?" என்றாள் அவள். அவர் மறுபடி மூன்று விரலைக் காட்டினார்.

ஏழாம் நாள் காலை டப்பா தீர்ந்து புது டப்பா வந்தது. அதே நீலம், அதே அளவு, பெரிய எழுத்தில் அதே பெயர்: கெட்டியாக்கும் தூள். கலந்தவுடனேயே கெட்டியானது, மூன்று நிமிடம் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலுக்கு நேரே பிடித்தால் பால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"சிஸ்டர், இது ஏன் கலங்கலா இருக்கு?"

"புது டப்பாக்கா அது. கெட்டியா இருக்கா இல்லையா?" என்றாள் தலைமை நர்ஸ், நாற்பது படுக்கைக்கு ஒருத்தியாக ஓடிக்கொண்டே.

"கெட்டியாத்தான் இருக்கு."

"அப்ப குடுங்க."

தொட்டிக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கரண்டியைக் கொண்டுபோனால் இடது கையால் தள்ளினார். சட்டையெல்லாம் சிந்தியது. மதியமும் அப்படியே. மாலை வந்த நர்ஸ் நோயாளிக் குறிப்புத் தாளில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போனாள்: ஒத்துழைக்கவில்லை. உதடு வெடித்திருந்ததை மெய்ப்புக்காரி பார்த்தாள். இருபத்துநாலு வருடத்தில் அவரிடம் ஒன்றையும் கெஞ்சிக் கேட்டிராதவள் அன்று கேட்டாள். "என்னங்க இது, சின்னப் புள்ள மாதிரி. பட்டினி கிடந்து எங்கள என்ன பண்ணப் போறீங்க? எனக்காக ஒரு வாய் குடிங்க." அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மூன்று கரண்டி. வழக்கம்போல ஒவ்வொன்றையும் வாயிலேயே வைத்திருந்து, யோசித்து, விழுங்கினார். மூன்றாவது கரண்டிக்கு இருமல் வந்தது. மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் மாலை நாலே காலுக்கு, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்ட மூச்சு நின்றது.

அதே நாலே காலுக்கு வீட்டில் துளி தட்டில் விழுந்தது. கண்டக்டர் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், தொலைபேசி மணி அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. "தம்பி இறங்கிட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, வாசலில் நாற்காலிகளைப் போட ஆரம்பித்தாள்.

அதே நாலே காலுக்கு, மருத்துவமனையின் சுற்றுச்சுவருக்கு உள்ளே கெட்டியாக இருக்க வேண்டிய எதுவும் கெட்டியாக இல்லை. கேன்டீன் சூப் தண்ணீரானது. களிம்புகள் குழாயைத் திறந்ததும் ஓடிப்போயின. இருமல் மருந்து பாட்டிலில் அலையடித்தது. உறைகளில் தடவிய பசை ஒட்டாமல் கோப்புகளின் முகவரிச் சீட்டுகள் இலையுதிர்வது போல உதிர்ந்தன. மாடிப்படிக் கைப்பிடியின் பச்சைப் பெயின்ட் படிப்படியாக இறங்கித் தரைத்தளத்தில் குளமாகத் தேங்கியது. கண்காணிப்பாளர் மீசைக்குப் போட்டிருந்த மெழுகு உருகி, மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போய், அவர் மாதக்கணக்கில் முகமூடியோடு வந்தார். நோயாளிகளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறைய வேண்டிய இடத்தில் உறைந்தது. தாய்ப்பால் தாய்ப்பாலாக இருந்தது. விழுங்க முடியாதவர்களின் டம்ளரும் கலந்தபடியே நின்றது. மனிதர்கள் கலந்து வைத்த மற்றவைதான் நீர்த்துப்போயின. அதிலும் மோசம் மை. எழுதியவுடன் எழுத்துகள் வரியை விட்டுக் கிளம்பி, தாளின் அடியோரத்தில் கூடி, மேசையிலிருந்து தரைக்குச் சொட்டின. ஈரப்பதம் காரணம் என்று ஒரு குழு அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையும் சொட்டிவிட்டதால் வாய்மொழியாகவே அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து மருத்துவமனைப் பையைப் பிரித்தார்கள். சீப்பு, துண்டு, கரண்டி, இரண்டு நீல டப்பா. கண்டக்டர் அக்காவுக்கு எதையும் வாயில் போட்டுப் பார்க்காமல் தூக்கி எறியும் பழக்கம் கிடையாது. இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் கலந்து, ஒவ்வொரு கரண்டி வாயில் வைத்தாள்.

"இந்தா, இங்க வாயேன். இது வழுக்கிக்கிட்டு உள்ள போகுது. அது வாயிலயே காணாமப் போகுது."

"காணாமப் போகுதுன்னா?"

"காணாமப் போகுதுன்னா காணாமப் போகுது. டிக்கெட் எடுக்காம எறங்கற மாதிரி."

வாயில் வைத்த கரண்டிகளை அந்தந்த டம்ளரிலேயே திரும்பப் போட்டுவிட்டு இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பத்து நிமிடத்தில் ஒரு டம்ளர் அப்படியே இருந்தது, கரண்டி நட்டது நட்டபடி நின்றது. இன்னொரு டம்ளரில் கரண்டி சாய்ந்து விளிம்பில் டக்கென்று இடித்தது. கெட்டியாக இருந்ததெல்லாம் பச்சைத் தண்ணீர். மெய்ப்புக்காரி அந்த டம்ளருக்குத் தூள் எடுத்த டப்பாவைத் திருப்பினாள். பின்பக்கம், மணல் அளவு எழுத்தில்: மாவுப் பொருள். மாவை எச்சில் கரைக்கும், பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவளே மெய்ப்புப் பார்த்த பாடம் அது. ரொட்டியை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பதும் அதனால்தான். கிருமி நெய்த பசையை எச்சில் ஒன்றும் செய்யாது. சீக்கிரம் விழுங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. வாயில் வைத்து யோசிக்கிறவருக்கு அது உயிர். தொட்டிக்காரருக்குக் கலங்கலைப் பார்த்தவுடனேயே இது தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் இல்லாததால் முகத்தைத் திருப்பியிருக்கிறார். இருபத்தாறு வருட வேலையில் கற்றதை எல்லாம் ஒரே ஒரு முறை சுவர்ப் பக்கம் திரும்பிச் சொன்னார். அதற்கு அவர்கள் எழுதியது: ஒத்துழைக்கவில்லை.

நெருப்புப் பெட்டியைக்கூட வாசிக்கிறவள் அந்த டப்பாவை வாசிக்கவில்லை. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, யார் ஆறுதல் சொன்னாலும் கேட்கவுமில்லை. "மூணு கரண்டி நான் குடுத்தேன். அது என் கணக்கு, நான் பாத்துக்கறேன். அவங்க எழுதினது அவங்க கணக்கு" என்றாள்.

முதலில் வார்டுக்குப் போனாள். தலைமை நர்ஸின் மேசையில் இரண்டு டம்ளரை வைத்து, கரண்டியை அவளிடமே நீட்டினாள். நர்ஸ் வாயில் வைத்துத் திரும்பப் போட்டாள். பத்து நிமிடம் இருவரும் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டி சாய்ந்ததும் நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வார்டில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "தாள்ல மூணே கட்டம்தாங்க்கா. குடித்தார், குடிக்கவில்லை, ஒத்துழைக்கவில்லை. ஏன் குடிக்கலன்னு எழுத எடம் இல்லக்கா" என்றாள். அன்றிலிருந்து அந்த வார்டுக்குள் வந்த ஒவ்வொரு டப்பாவையும் அவள் முதலில் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். கரண்டி சாய்ந்தால் டப்பா ஜன்னல் வழியாகப் போகும். இதைப் பற்றி அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பிறகு மெய்ப்புக்காரி கண்காணிப்பாளரிடம் போனாள். அவர் முகமூடியைச் சரிசெய்துகொண்டு, பொறுமையாகவே பேசினார். பொறுமைக்கு அவருக்குச் சம்பளம்.

"ரெண்டுமே கெட்டியாக்கும் தூள்தாம்மா. ஸ்டோர்ல ரெண்டுக்கும் ஒரே எண். இது போனா அது வரும். அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"அந்த நம்பரையா சார் அவர் முழுங்கினாரு?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"நான் கேஸ் போட வரல. நஷ்டஈடு கேட்டும் வரல. தாள்ல ஒரு சொல்லு தப்பா இருக்கு. அத எடுத்துடுங்க. அவரு கடைசியா பண்ணின சரியான காரியம் அது ஒண்ணுதான். அதத் தப்புன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"எழுதினது எழுதினதுதாம்மா" என்றார் அவர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னால் இருந்த கோப்பில் அன்று காலை போட்ட ஏழு கையெழுத்தும் வரிசையாகக் கிளம்பி, மேசை விளிம்பைத் தாண்டி, அவருடைய இடது காலணியில் சொட்டின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. தண்ணீரில் மறைக்கப் பார்த்தவர்களை அன்றுதான் அவள் பார்த்தாள்.

நாலு மாதம் கழித்து மருத்துவமனைக்கு ஒரு வழி கிடைத்தது. கேன்டீன்காரர் தற்செயலாகத் தொழிற்சாலைத் தூளைச் சூப்பில் போட, அந்தச் சூப் மட்டும் கெட்டியாக நின்றது. கிருமி நெய்த பசையை எது கரைக்கவில்லையோ அது இங்கேயும் கரைக்கவில்லை. உடனே நிர்வாகம் விழித்துக்கொண்டது. மூட்டை மூட்டையாகத் தொட்டித் தூள் வந்து இறங்கியது. மையில் கலந்தார்கள், கையெழுத்து நின்றது. கோப்புப் பசையில் கலந்தார்கள், சீட்டு ஒட்டியது. பெயின்டில் கலந்து கைப்பிடிக்கு மறுபடி பச்சை அடித்தார்கள். கண்காணிப்பாளரின் மீசை மெழுகுக்கென்று ஒரு சின்ன டப்பா தனியாக மாடிக்குப் போயிற்று. மீசை நிமிர்ந்தது, முகமூடி போனது. விழுங்க முடியாதவர்களின் படுக்கைக்கு மட்டும் ஸ்டோரிலிருந்து எது கைக்கு அகப்பட்டதோ அதுதான் போயிற்று. ஒரே எண்தானே. இதைக் கேட்டபோது மெய்ப்புக்காரி வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மீசைக்கு" என்றாள். மூன்று நாள் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. "அவன் கோபம் உனக்கு ஒட்டிக்கிச்சு" என்றாள் கண்டக்டர் அக்கா. "மூணு நாள் ஆவுது வாய்க்கு வர."

பசை கலந்த மையில் எல்லாம் நின்றது, ஒரு சொல் தவிர. தொட்டிக்காரரின் தாளிலிருந்து சொட்டிப்போயிருந்த 'ஒத்துழைக்கவில்லை'யை மறுபடி நாலு முறை எழுதிப் பார்த்தார்கள். நாலு முறையும் அது எழுந்து நடந்து போய்விட்டது. அவர் தொட்டித் தூளே அதைப் பிடித்துவைக்க மறுத்தது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். ஐந்தாம் முறை நிர்வாகம் ஒரு பென்சிலைச் சீவி அதை எழுதியது. பென்சில் எழுத்து ஓடவில்லை.

அது மெய்ப்புக்காரிக்குத் தெரிந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. இறந்தவரின் தாளை நெருங்கிய உறவினர் வாரம் ஒருமுறை, செவ்வாய் இரண்டு முதல் நான்கு மணி வரை, பதிவறையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று விதி இருந்தது. பேனா, பென்சில், கேமரா கொண்டுவரக் கூடாது என்றும் இருந்தது. ரப்பரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அவள் மூன்று முறை வாசித்து உறுதிசெய்துகொண்டாள். பையிலிருந்து அச்சகத்து ரப்பரை எடுத்து, அந்தச் சொல்லை அழித்து, ரப்பர் தூளை ஊதிவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

பதிவறைக் குமாஸ்தா எழுந்து நின்றார். மெலிந்தவர், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டியவர், ஓய்வுக்கு எட்டு வருடம் இருந்தது. விதிப் புத்தகத்தை அவரும் புரட்டினார். பிறகு உட்கார்ந்தார். "அழிக்கக் கூடாதுன்னு இல்லதான். ஆனா புதன்கிழமை கண்காணிப்பாளர் பாப்பாருக்கா. நான் மறுபடி எழுதியாகணும்."

"எழுதுங்க. நான் அடுத்த செவ்வாய் வரேன்."

வந்தாள். ஆறு வருடம் வந்தாள். அச்சகத்தில் செவ்வாய் மதியம் அவளுக்கு விடுப்பு என்பது பழகிப்போயிற்று. முதல் வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் வருடம் குமாஸ்தா, "வாங்கக்கா, ரப்பர் கொண்டாந்தீங்களா, இல்ல நம்மளுது தரட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார். மூன்றாம் வருடத்தில் டீ வந்தது. டீயில் சர்க்கரை எவ்வளவு போட்டாலும் அந்தச் சுவருக்குள் அது தண்ணீராகத்தான் இருந்தது, இருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்காணிப்பாளர் மாறினார், புதியவர் வந்தார், புதியவரும் புதன்கிழமை பார்த்தார். அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் வெங்காயத் தோல் ஆயிற்று. வெளிச்சத்தில் பிடித்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் மூக்கு தெரியும்.

"கல்லுல நார் உரிக்கற. அவங்க மாத்த மாட்டாங்க" என்பாள் கண்டக்டர் அக்கா, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

"தெரியும் அண்ணி."

"அப்பறம் எதுக்குப் போற?"

"செவ்வாய் ரெண்டு மணியிலேந்து புதன் காலை வரைக்கும் அவரு மேல பழி இல்ல. வாரத்துல அது ஒரு நாள்."

கண்டக்டர் அக்கா தைலப் பாட்டிலை மூடினாள். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் மதியச் சமையலை அவளே பார்த்துக்கொண்டாள்.

ஏழாம் வருடம், மழை மெதுவாகப் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய், மெய்ப்புக்காரி தாளைப் பிரித்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு குமாஸ்தாவைப் பார்த்தாள்.

"எழுதலயா?"

"எழுதலக்கா."

"மறந்துட்டீங்களா?"

"எங்கண்ணன் மேல வார்டுல கிடக்கான், பத்து நாளா. பேச்சு இல்ல. போன செவ்வாய் நீங்க போனப்பறம் புது டப்பா வந்துச்சு. நர்ஸம்மாவுக்கு அன்னிக்கு லீவு. வேற ஆளு கலந்து குடுத்தாங்க. அண்ணன் முகத்த திருப்பிக்கிட்டான். 'டேய், அடம் புடிக்காத'ன்னு சொல்ல நான் வாயத் தொறந்துட்டேன்." அவர் மேசை மேல் இருந்த பென்சிலை உருட்டிவிட்டார். "அப்பறம் கரண்டிய என் வாயில வெச்சு டம்ளர்ல போட்டுப் பாத்தேன். கரண்டி சாஞ்சுதுக்கா. டப்பாவ நானே ஜன்னல் வழியா எறிஞ்சேன்."

மெய்ப்புக்காரி ரப்பரைப் பையில் போட்டாள். "இப்ப எப்படி இருக்காரு?"

"குடிக்கறான். மூணு நிமிஷம் பொறுத்துக் குடுத்தா குடிக்கறான்."

"அப்ப இங்க என்ன நடந்ததுன்னு எழுதுங்க. தூள மாத்திட்டாங்க, அவருக்குத் தெரிஞ்சுது, அதனால வேண்டாம்னாரு. மூணு வரி."

"எழுத எனக்கு அதிகாரம் இல்லக்கா" என்றார் குமாஸ்தா. "எழுதாம இருக்கறதுக்கு அதிகாரம் வேணும்னு எந்த விதியிலயும் இல்ல. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

மறுநாள் புதன்கிழமை வந்தது. போன புதன் வெளியூர் போயிருந்த கண்காணிப்பாளர் தாளைப் பார்த்தார், வெங்காயத் தோலைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா எழுந்து நின்று பென்சிலை அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கோப்பை மூடிவிட்டு வெளியே போனார்.

அந்த மருத்துவமனை இன்றும் நீர்த்துத்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் டாக்டர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்: களிம்பைக் கிண்ணத்தில் பிதுக்குங்கள், பேனாவுக்குப் பசை மை கேட்டு வாங்குங்கள், சூப்பைக் குடிக்க டம்ளர் போதும். யாரும் காரணம் கேட்பதில்லை. வார்டுகளில் கரண்டியை வாயில் வைத்துப் பார்ப்பதும் அப்படியே ஒரு வழக்கமாகிவிட்டது. ஸ்டோரில் இரண்டு தூளுக்கும் எண் இன்னும் ஒன்றுதான். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை, ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. மெய்ப்புக்காரி அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இப்போதும் செவ்வாய் இரண்டு மணிக்குப் பதிவறைக்குப் போகிறாள், யாராவது எழுதிவிட்டார்களா என்று பார்க்க. எழுதியிருக்கவில்லை என்றால், வந்ததற்குத் தாளை முதலிலிருந்து ஒருமுறை வாசித்துவிட்டுக் கொடுக்கிறாள், தொழில் பழக்கம். படுக்கை எண்: பதினேழு. சரி. வயது: ஐம்பத்தாறு. சரி. உயரம்: ஐந்தடி ஆறு அங்குலம். சரி.